ஆல்டர்ஷா பிரபுவின் ஞானப்பிள்ளை

கோட்-டெ-நெய்ஜ், மொன்ட்ரியால்
4 செப்ரெம்பர் 2023

அக்னெஸ் அறிய, அருமைநாதன் சொல்லி எழுதுவிப்பது.

தனுஷ்கோடியை றெயிலோடும் சனத்தோடும் கடல் கொண்டுபோன வருடம் அது, அறுபத்துநாலு. பாலன் பிறக்கும் நத்தாருக்கு முதல் வந்த புயல். தலைமன்னாரில் என் தமையன் வீட்டுக் கூரையும் அதோடு போனது. நாங்கள் மலையில், ஹியூ துரையின் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் இருந்தோம். நான் துரைக்குக் கார் ஓட்டினேன், நீ குசினியில் சமையலுக்கு நின்றாய். புயல் செய்தியை றேடியோவில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உனக்கு நோ கண்டது. அந்தக் கிழமையே அன்டன் பிறந்தான். அடுத்த தையில் ஞானஸ்நானம், ஹியூதான் ஞானத்தகப்பன். ஆகவே, 'எழுபதாம் ஆண்டில் அப்பா ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றார்' என்று அவனுடைய மகள் ரோஸமண்ட் சொல்லித் திரிவது பிழை. எழுபதில் அவன் பள்ளிக்கூடத்தில் ஸ்லேட்டை உடைத்துவிட்டு அடி வாங்கிக்கொண்டிருந்தான். செத்தவனை வைத்துப் பெயர் எடுக்கிறவள் வருடத்தையாவது சரியாகச் சொல்லட்டும்.

உன் கடிதம் வந்தது. ஹியூ போய்ச் சேர்ந்ததை எழுதியிருந்தாய். நல்லது. கட்டிலில், சுற்றிவரப் பிள்ளைகள், தலைமாட்டில் சுவாமி. ஆல்டர்ஷா பிரபுக்கள் எல்லாரும் அப்படித்தான் சாவார்கள். மற்றவர்களின் பிள்ளைகள்தான் வேறுவிதமாகச் சாவார்கள்.

லண்டனில் பெரிய கத்தோலிக்கக் கோயிலில் அவனுக்கு நினைவுப் பூசை என்கிறாய். மந்திரிமார் வருவார்களாம். நீ எழும்பி நின்று அவனுடைய நேர்மையைப் பற்றி ஒரு கடதாசி வாசிக்க வேண்டுமாம். அதில் அன்டனின் கதையும் வருமாம். 'அவனுடைய தகப்பன் சம்மதித்தால்தான் வாசிப்பேன்' என்று நீ சொல்லிவிட்டாயாம். அந்த வீட்டாரோடு இங்கிலாந்துக்குப் போன நாளிலிருந்து என் சம்மதம் உனக்குத் தேவைப்பட்டது இதுதான் முதல் தரம்.

சம்மதம் இல்லை. ஆனாலும் அந்தக் கடதாசியில் என்ன இருக்கிறது என்று சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்பு. எதற்குச் சம்மதிக்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இதை எழுதுகிறவள் எலிசா. எங்கள் கட்டிடத்தில் மேல்மாடி. மன்னார்ப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கழுவித் துடைக்கிற வேலை. "அப்பு, திட்டு எல்லாம் எழுதமாட்டன். வேணுமெண்டா ரெலிபோன் எடுத்துத் தாறன், நீங்களே திட்டுங்கோ" என்கிறாள். ரெலிபோனில் உன் குரல் கேட்டால் எனக்குத் திட்ட வராது. அதனால்தான் எழுத்து.

அருமைநாதன்


வாசல் வீடு, ஆல்டர்ஷா
15 செப்ரெம்பர் 2023

அன்டனின் அப்பாவுக்கு,

சேசுவின் அன்பில் அக்னெஸ் எழுதுவது. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டால் அதற்கும் திட்டுவீர்கள். கேட்கிறேன். அங்கே குளிர் வரப்போகிறது. முந்தி டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துடைக்கப் போகும்போது தொப்பி போடாமல் போய்க் காது வெடித்ததே, அப்படி விடாதீர்கள். எலிசா என்ற பிள்ளைக்கு என் வாழ்த்து. என் முழங்கால் பழையபடிதான். பெரிய வீட்டுக்கு நடந்து போக இப்போது கோல் வேண்டும்.

நீங்கள் கேட்டபடி கடதாசியில் உள்ளதைத் தமிழில் எழுதுகிறேன்:

"என் பெயர் அக்னெஸ். நான் இந்தக் குடும்பத்தின் சமையற்காரி. என் மகன் அன்டனுக்கு ஆல்டர்ஷா பிரபு ஞானத்தகப்பன். என் மகன் அகதியாக இங்கே வந்தபோது, அகதிகளின் மனுக்களைப் பார்க்கும் துணை மந்திரியாக இருந்தவர் அவர்தான். என் மகனின் மனு அவருடைய மேசைக்கே வந்தது. அவர் அதைத் தொடவில்லை. 'என் ஞானப்பிள்ளை என்பதால்தான் நான் தொடக்கூடாது' என்று சொல்லி வேறொருவரிடம் கொடுத்தார். மனு தள்ளப்பட்டது. என் மகன் தன் நாட்டுக்குத் திரும்பினான். அந்த நேர்மையின் பெருமை எனக்கு அன்று விளங்கவில்லை. இன்று விளங்குகிறது. இந்தக் குடும்பத்துக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனுக்கு நடந்தது அதில் இல்லை. நான் ரோஸமண்டிடம் கேட்டேன். அவள் என் தோளில் கைபோட்டு, "அதைச் சொன்னால் சனம் தாங்காது, அகி. பூசை அப்பாவுக்கு" என்றாள். அவள் இப்போது பாராளுமன்றத்தில் இருக்கிறாள், தெரியும்தானே. படகுகளில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் சட்டத்துக்கு அவள்தான் முன்னுக்கு நிற்கிறாள். இரக்கம் இல்லாதவள் என்று பேப்பர்காரர் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், சொந்த ஞானப்பிள்ளைக்கும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும் என்கிறாள்.

போன செவ்வாய் ஒருவர் நாடாவோடு வந்து பெரிய வீட்டார் எனக்குத் தந்த இந்த வாசல் வீட்டின் யன்னல்களை அளந்துகொண்டு போனார். ஏன் என்று கேட்டேன். "சும்மா, மாடம்" என்றார். அந்த வீட்டில் ஒருவரும் ஒன்றையும் சும்மா அளப்பதில்லை. இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக இடம் இல்லை.

யோசித்து எழுதுங்கள்.

அன்டனின் அம்மா,
அக்னெஸ்


கோட்-டெ-நெய்ஜ்
26 செப்ரெம்பர் 2023

அக்னெஸ்,

எலிசா அதை வாசிக்கும்போது நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன். பிறகுதான் கோப்பையை எறிந்தேன். "அப்பு, இது என்ர கோப்பை" என்று அவள் கத்தினாள்.

'திரும்பினான்' என்று ரோஸமண்ட் எழுதியிருக்கிறாள். சந்தைக்குப் போனவன் வீடு திரும்புகிற மாதிரி. இரண்டு பொலிஸ்காரர் நடுவில் இருத்திக் கொண்டுபோனார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கினார்கள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவசு முடிய முதல், மன்னார் வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதற்குப் பேந்து ஒருவரும் அவனை எதிலும் ஏற்றவில்லை. சவப்பெட்டியிலும் ஏற்றவில்லை. என் தமையன் கோணிப்பையோடு போய் எடுத்தார். 'திரும்பினான்' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவையும் மடித்து வைக்க அவளுக்கு யார் பழக்கியது என்று கேட்கிறாயா? நான் சொல்கிறேன்.

ஹியூவின் தகப்பன், கிழவன் பிரபு, தோட்டம் பார்க்க வந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டுச் சனத்துக்கு வாக்கு எப்போது கொடுக்கலாம் என்று விசாரிக்கிற கமிசனில் இருந்துவிட்டு நேரே வந்தவன். பின் சீட்டில் தகப்பனும் மகனும். முன்னுக்கு இருக்கிறவனுக்குக் காது இல்லை என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. ஹற்றன் வளைவில் திரும்பும்போது கிழவன் சொன்னான்: "ஆட்களை ஒருபோதும் உதைக்காதே, ஹியூ. உதைத்தால் உதைத்ததை நினைவில் வைத்திருப்பார்கள். மரியாதையாகக் கதைத்துக் கதவைச் சாத்து. நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்."

அந்தக் குடும்பம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அரசியல் என்று செய்தது இதுதான். நீ அந்த வீட்டுச் சுவரில் தூசி தட்டுகிற படங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொருவன் ஒவ்வொரு கதவைச் சாத்தியவன். கிழவன் ஒரு நாட்டுக்குச் சாத்தினான். ஹியூ எங்கள் பிள்ளைக்குச் சாத்தினான். நீ பால்மா கரைத்து ஊட்டி வளர்த்த ரோஸமண்ட் இப்போது கடலுக்கே சாத்தப் பார்க்கிறாள். நீ நன்றி சொல்லப் போகிறாய்.

எங்கள் ஆட்களில் ஞானத்தகப்பன் என்றால் என்ன? பிள்ளைக்கு ஓர் இடைஞ்சல் என்றால் பெற்ற தகப்பனுக்கு முதல் எழும்ப வேண்டியவன். அவர்களுக்கு ஞானத்தகப்பன் என்றால் நத்தாருக்கு ஒரு விளையாட்டுக் கார். ஆல்டர்ஷாவில் தோட்டக்காரன் பிள்ளைக்கும் அவன்தான், குதிரைக்காரன் பிள்ளைக்கும் அவன்தான். இங்கிலீஷ்காரரில் பழைய கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம், கோயிலில் முழங்காலில் நிற்கிறார்கள் என்று பார்த்து ஏமாந்தோம்.

அன்டனை லண்டனில் மறியலில் பூட்டி வைத்திருந்தபோது நான் மொன்ட்ரியால் வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. இங்கே ஒரு பிரெஞ்சுச் சுவாமி லண்டனில் ஒரு லோயரைப் பிடித்துத் தந்தார். காசும் கேட்கவில்லை. நீ என்ன சொன்னாய்? "லோயரிட்டப் போனா துரை குறை நினைப்பார்" என்றாய். அன்டன் மறியலில் கிடந்த இரண்டு மாதமும், குகைக்குள் படுத்திருந்த அந்தச் சிங்கத்துக்கு, ஹியூவுக்கு, நீ காலையில் முட்டை பொரித்துக் கொடுத்தாய்.

வாசிக்காதே.

அருமைநாதன்


வாசல் வீடு
6 ஒக்ரோபர் 2023

அன்டனின் அப்பாவுக்கு,

உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கிழவன் பிரபு எந்த வளைவில் என்ன சொன்னான் என்பதுவரை நினைவிருக்கிறது. இதை மட்டும் நான் நினைவுபடுத்துகிறேன்.

லோயரின் விலாசத்தை நீங்கள் ரெலிபோனில் சொன்னீர்கள். நான் எழுதிக்கொண்டேன். நாளைக்குப் போகிறேன் என்றேன். அதற்கு நீங்கள், "பொறு. ஞானத்தகப்பன் உயிரோட இருக்க ஊரான் ஒருத்தனிட்டக் கையேந்தினா, அவரை அறைஞ்ச மாதிரி. முதல்ல அவரைக் கேள்" என்றீர்கள். 'துரை குறை நினைப்பார்' என்று நான் சொன்னது உண்மை. அது உங்கள் வாயிலிருந்து வந்து என் வாயால் போனது.

கேட்டேன். காலைச் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பி நின்றார். வேலைக்காரிக்கு எழும்பி நின்றார். "அக்னெஸ், அவன் என் ஞானப்பிள்ளையாக இல்லாவிட்டால் ஏதாவது செய்திருப்பேன்" என்றார். நான் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். ஞானப்பிள்ளை என்றதை மட்டும்தான் கேட்டேன். குசினிக்குப் போய் அன்றைக்கு அவருக்கு விருப்பமான கேக் போட்டேன். உங்களுக்கு ரெலிபோன் எடுத்து, "துரை எழும்பி நிண்டு கதைச்சவர், இனிப் பயமில்லை" என்றேன். நீங்களும் அழுதீர்கள். நல்ல அழுகை.

இப்போது ஒரு முடிவு சொல்லுங்கள். பூசை இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி. வாசிக்காவிட்டால் நான் தெருவில். வாசித்தால் உங்கள் வாயில். இரண்டில் எதில் குளிர் குறைவு என்று எனக்குத் தெரியவில்லை.

அக்னெஸ்


கோட்-டெ-நெய்ஜ்
13 ஒக்ரோபர் 2023

அக்னெஸ்,

எலிசா உன் கடிதத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னடி பாக்கிறாய்?" என்றேன். "ஒண்டுமில்லை அப்பு" என்றாள். அவளுக்கும் உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒருவன் சொன்னான் என்பதற்காகக் கிணற்றில் குதித்தவள், கிணற்றுக்குள் இருந்துகொண்டு முப்பத்தைந்து வருடம் அங்கேயே சமைக்கத் தேவையில்லை. அன்டனின் செய்தி வந்த அன்று நீ அந்த வீட்டை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். அடுத்த நாள் ரோஸமண்டுக்குப் பிறந்தநாள் என்று நின்றாய். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

சரி. வாசி.

ஆனால் 'என் மகன் தன் நாட்டுக்குத் திரும்பினான்' என்ற இடத்தில் நிறுத்து. நிறுத்தி, 'அங்கே அவனைக் கொன்றுபோட்டார்கள்' என்று சொல். அவ்வளவுதான். கத்தத் தேவையில்லை, அழத் தேவையில்லை. அதைச் சொல்லிவிட்டு மிச்சத்தை அவர்கள் எழுதித் தந்தபடியே வாசி. நன்றியும் சொல்லு. மந்திரிமார் கேட்கட்டும். அவள் முன் வரிசையில் இருந்து கேட்கட்டும். அப்படியென்றால் எனக்குச் சம்மதம்.

அதற்காக உன்னை வெளியே போட்டால் இங்கே வா. நான் இருப்பது இரண்டு அறை வீடு. ஓர் அறையில் பழைய சாமான் கிடக்கிறது, எடுத்துவிடலாம். கட்டிடத்தின் சூடு நல்லது. பஸ் வாசலில் நிற்கும். கோயிலில் தமிழ்ப் பூசை இருக்கிறது. நான் வாய் காட்டுவேன், அதை நீ பொறுக்க வேண்டும். சமைக்கத் தேவையில்லை. நீ காணும், போதும் என்கிற அளவுக்குச் சமைத்துவிட்டாய்.

இந்தக் கடைசிப் பகுதியை எழுதும்போது எலிசா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அருமைநாதன்


வாசல் வீடு
30 ஒக்ரோபர் 2023

அன்டனின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பூசைக்கு முதல்நாள் கைக்கு வந்தது. அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் லண்டன் போனேன்.

கோயில் நிறையச் சனம். முன்னாள் மந்திரிமார், நீதவான்கள், தொப்பி வைத்த பெண்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவர் கைபிடித்து மேலே ஏற்றிவிட்டார். வாசித்தேன். கடதாசியில் அன்டன் என்று மட்டும்தான் இருந்தது. நான் 'அன்டன் ஹியூ அருமைநாதன்' என்று முழுப் பெயரையும் சொன்னேன். 'என் மகன் தன் நாட்டுக்குத் திரும்பினான்' என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன். நீங்கள் சொன்னபடி நிறுத்தினேன். வாயையும் திறந்தேன்.

முன் வரிசையில் ரோஸமண்ட் அழுதுகொண்டிருந்தாள். பேப்பர்காரருக்காக அழுகிற அழுகை இல்லை. மூக்கைச் சுருக்கி, கீழுதட்டைக் கடித்து. காய்ச்சலில் கிடந்து என் மடியில் அழுத அதே முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. மிச்சத்தை வாசித்துவிட்டு இறங்கினேன்.

என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் அந்த ஆட்கள் நடுவில் ஒருவரும் அவனுடைய பெயரைச் சொன்னதில்லை. முந்தாநாள் சொல்லப்பட்டது. ஒலிபெருக்கியில், அந்தப் பெரிய கோயில் முழுக்க. பொய்க்கு நடுவில் சொல்லப்பட்டது, ஆனாலும் சொல்லப்பட்டது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. தாய்க்கு அப்படித்தான்.

பூசை முடிந்து ரோஸமண்ட் என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். "அகி, நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்" என்றாள். காரில் திரும்பி வரும்போது சொன்னாள், வாசல் வீட்டை விருந்தாளிகள் தங்குகிற இடமாக்கப் போகிறார்களாம். எனக்கு வயோதிபர் இல்லம் ஒன்று பார்த்திருக்கிறாளாம். தோட்டம் இருக்கிறதாம், பியானோ இருக்கிறதாம். நத்தாருக்குள் மாற வேண்டும். நான் நன்றி சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

நேற்று அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் சொன்ன அந்த அறை இன்னும் இருக்கிறதா? சமைக்கத் தேவையில்லை என்றீர்கள். நான் சமைப்பேன். நீங்கள் என்ன சொல்லித் திட்டினாலும் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் இருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் இனி எத்தனை காலம்? பதில் போடுங்கள்.

உங்கள் மனைவி,
அக்னெஸ்


கோட்-டெ-நெய்ஜ்
13 நவம்பர் 2023

அக்னெஸ்,

அறை இருந்தது. உன் கடிதம் வர முதலே துப்புரவாக்கினேன். பழைய சாமான் எல்லாவற்றையும் எலிசாவின் புருஷன் கஜீவன் தெருவில் கொண்டுபோய் வைத்தான். கட்டிலும் ஒன்று கொண்டுவந்து பூட்டினான், நல்ல உயரம், முழங்கால் நோகாமல் எழும்பலாம். யன்னலுக்குச் சீலை போட்டேன். எந்த நிறம் உனக்குப் பிடிக்கும் என்று தெரியவில்லை. நீலம் போட்டேன்.

உன் கடிதத்தை வாசித்து முடித்த பிறகு கட்டிலைக் கழற்றச் சொன்னேன். மொன்ட்ரியால்-நோரில் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு அது போய்விட்டது. சாரதி ஒருவர், பெண்சாதி, மூன்று பிள்ளைகள். யன்னல் சீலையையும் கொடுத்துவிட்டேன்.

உனக்கு ஒரு முகத்தைப் பார்த்து இரக்கம் வந்தது. அந்த முகம் உன் பிள்ளையின் முகம் இல்லை. உன் பிள்ளை கடைசியாக எந்த முகத்தோடு இருந்தான் என்று என் தமையன் பார்த்தார். பார்த்ததைச் சாகும்வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அதைச் சொல்லு என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. 'கொன்றுபோட்டார்கள்' என்று மட்டும்தான் கேட்டேன். பெயரைச் சொன்னாயாம். பெயரைச் சொல்லி, அவர்கள் வீட்டுச் சுவரில் இன்னொரு படமாக அவனையும் மாட்டிவிட்டு வந்தாய்.

"அப்பு, வேண்டாம். எண்பது வயசு மனிசி. எங்க போவா?" என்று எலிசா பேனாவை வைத்துவிட்டாள். "பியானோ இருக்கிற இடத்துக்குப் போவா. எழுது" என்றேன். இதுதான் கடைசி என்று சொன்ன பிறகுதான் எடுத்தாள்.

இது மரித்தவர்களின் மாதம். நேற்று எங்கள் கோயிலில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மரித்தவர்களின் பெயரைக் கொடுத்தார்கள், பூசையில் வாசிக்க. நானும் என் ஆட்களின் பெயரைச் சொன்னேன். சுவாமி எழுதிக்கொண்டார். கடைசிப் பெயரில் நிமிர்ந்து, "அக்னெஸ் ஆர், அருமை அண்ணை?" என்று கேட்டார்.

"என்ர பெண்சாதி, சுவாமி."

"ஐயோ, எப்ப மோசம் போனவ?"

"போன மாசம். லண்டனில. கோயிலுக்குள்ள, வாசிச்சுக்கொண்டு நிக்கேக்க."

பூசையில் உன் பெயரை வாசித்தார்கள். ஒலிபெருக்கியில்தான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பூசை முடிந்து சனம் வந்து கையைப் பிடித்தது. எங்கள் தெருச் சண்முகலிங்கத்தாரின் பெண்சாதி சைவக்காரி, அவவும் வீடு தேடி வந்து சோறு தந்துவிட்டுப் போனா. ஒருவருக்கும் நான் மாற்றிச் சொல்லவில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. நீ இங்கே வந்து இறங்கினாலும் உன்னை யார் என்று இவர்களுக்கு நான் காட்ட முடியாது.

கடிதம் போடாதே. வந்தால் எலிசா வாசிக்க மாட்டாள். எனக்கு வாசிக்கத் தெரியாது.

அன்டனுக்காக அழ உரித்துள்ளவர்கள் என்று சிலர் இருந்தோம். கோணிப்பையோடு போன என் தமையன் இல்லை. ஒப்பாரி வைத்த மச்சாள் இல்லை. அவனோடு ஒரே பாயில் படுத்த தமையன் மகன் யோசெப் போன வருடம் ரொறன்ரோவில் நெஞ்சு நொந்து போனான். தாய், போன மாதம். இனி மிச்சம் உயிரோடு இருப்பது அவனுடைய தகப்பன்,

அருமைநாதன்